தாய்மாமன் கை

விழுப்புரம்,
19.1.2014

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரபா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் மகள் தமிழ்மொழியும் குறையில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று அண்ணியிடம் போனில் கேட்டால், "பரவால்ல பிரபா, தேறிக்கினு வர்றாரு" என்கிறார். கார்த்திகையில் உனக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இதே பதில்தான். அதில் பாதியை நம்புகிறேன். மீதியை நீ சொன்னால்தான் நம்புவேன்.

போனைக் காதருகே கொண்டுவந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறாயாம். பேச்சு குழறுவதும், அந்தப் பக்கம் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப என்ன என்று கேட்பதும் உனக்குப் பொறுக்கவில்லை. சரி, நேரில் வரலாம் என்றால் அதற்கும் தடை போட்டுவிட்டாய். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு என்னவோ சொன்னாய். "எழுந்து நின்னு வாம்மான்னு கூப்புட முடியறப்போ வரட்டும், அதுவரிக்கும் வர வேணாம்னு சொல்றாரு" என்று அண்ணிதான் எனக்கு விளங்க வைத்தார். திண்டிவனத்துக்கு ஒரு மணி நேர பஸ். அதை நீ துபாய் ஆக்கிவிட்டாய்.

ஆகவே இனிமேல் கடிதம். போனைக் கட் செய்கிற மாதிரி இதைச் செய்ய முடியாது. தபால்காரர் வாசலில் வந்து நிற்பார், வாங்கித்தான் ஆக வேண்டும்.

பொங்கல் சீரை நம் சித்தப்பா மகன் பச்சைமுத்துவிடம் கொடுத்தனுப்பியிருந்தாய். கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், புடவை எல்லாம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் நீயே கொண்டுவராத முதல் சீர் இதுதான். பச்சைமுத்து நல்ல பிள்ளை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மாத்திரையை வேளைக்குப் போடு. உப்பைக் குறை. கோபத்தையும் குறை.

உன் தங்கை,
பிரபாவதி


திண்டிவனம்,
2.2.2014

அன்பு பிரபாவுக்கு,

அண்ணி பவானி எழுதுவது. உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்தோம். உன் அண்ணன் உயிரோடும் கோபத்தோடும் நன்றாகவே இருக்கிறார்.

உன் கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். மறுநாள் காலையில் பி.பி. ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "நேத்து என்னம்மா சாப்ட்டாரு, ஊறுகா கருவாடு எதுனா குடுத்தீங்களா" என்று கேட்கிறார்கள். நாத்தனார் கடிதம் வந்தது என்று எப்படிச் சொல்வது? ஆமாம், கருவாடுதான் என்று சொல்லிவிட்டேன்.

அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். பாண்டி ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரியில், வீட்டில் இருந்தபடியே பயிற்சி செய்கிறவர்களுக்கு என்று புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு பி.பி. மெஷின் கொடுத்திருக்கிறார்கள். கை வாட்ச் மாதிரி இரண்டு கறுப்புப் பட்டைகளும் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளி வைத்தது வலது கைக்கு, புள்ளி இல்லாதது இடது கைக்கு. எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று அவை கணக்கு எடுத்துக்கொள்ளும். டி.வி. பக்கத்தில் வைத்திருக்கும் ஒரு போன் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் அலெக்ஸ் என்று ஒரு தம்பி போன் செய்கிறது. பிசியோதெரபி படித்த பிள்ளை. நம் வீட்டில் நடப்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது.

கடையை நான் திறந்துவிட்டேன். வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் எத்தனை நாளைக்கு வேறு கடைக்குப் போவார்கள்? உன் அண்ணனும் கடைக்கு வந்து பின்னால் நாற்காலியில் உட்காருகிறார். ஆனால் ஒரு சாமானும் எடுத்துக் கொடுப்பதில்லை. வலது கை தூக்க வரவில்லை. கல்யாணத்துக்கு மஞ்சள் குங்குமம் வாங்க வருகிறவர்களுக்கு இடது கையால் எடுத்துக் கொடுப்பதா என்று பிடிவாதம். அலெக்ஸ் தம்பியிடம் இதைக் குறையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். மற்றவர்கள் எல்லா வேலையையும் நல்ல கைக்குக் கொடுத்துவிடுவார்களாம், நோய்ப்பட்ட கை தூங்கிப்போகுமாம். இந்தப் பிடிவாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு வலது கையால் கொடுத்துப் பழகச் சொன்னது. அவர்தான் இன்னும் கையை நீட்டவில்லை.

நீ எழுது. பி.பி. ஏறினாலும் பரவாயில்லை, படிக்கிறார்.

அன்புடன் அண்ணி,
பவானி


விழுப்புரம்,
12.2.2014

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு, பேச்சு, கை எல்லாம் முன்னைக்குத் தேவலை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கும் பி.பி. ஏறினால் நான் பொறுப்பில்லை, இது நல்ல சேதி.

தமிழ்மொழிக்கு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் சந்தோஷ். விக்கிரவாண்டியில் டிராக்டர் மெக்கானிக். சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேசவில்லை. போகும்போது எங்கள் வீட்டு மிக்ஸியில் என்ன சத்தம் என்று கேட்டு, கழற்றிச் சரி செய்துவிட்டுப் போனார். உன் மருமகளுக்கு அது பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

மாமன் சம்மதம் கேட்காமல் நான் தலையாட்டவில்லை. அவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். என் கல்யாணத்தில் நம் மாமா என் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா இல்லாத பெண் என்று யாரும் அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை. தமிழ்மொழியை நீ அப்படிக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு உனக்கு எத்தனை மாதம் வேண்டுமென்று சொல், அதைப் பார்த்து நாள் குறிக்கிறோம்.

பதிலை அண்ணியிடம் தள்ளிவிடாதே. உன் பதில் வேண்டும்.

தங்கை,
பிரபா


திண்டிவனம்,
9.3.2014

தங்கை பிரபாவதிக்கு,

சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. குழறலை அவள் சரிசெய்துவிடுவாள். கோபம் இருந்தால் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

பையன் நல்ல பையனாகத் தெரிகிறான். மிக்ஸியைக் கழற்றிப் பார்த்ததே போதும், எனக்குச் சம்மதம். தமிழ்மொழியிடம் மாமா சரி சொல்லிவிட்டார் என்று சொல்.

கையைப் பற்றிக் கேட்டாய். தோளிலிருந்து ஒன்று தொங்குகிறது, அதற்குப் பெயர் கை. மேசையைத் துணியால் துடைக்க வேண்டும், துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்ற வேண்டும், ரப்பர் பந்தை அழுத்த வேண்டும். இதெல்லாம் அலெக்ஸ் சொல்கிற பயிற்சி. கிளிப்பை மாட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. நூறு வெற்றிலையை எண்ணாமலே கவுளியாக அடுக்கிக் கொடுத்த கை இது. இப்போது கிளிப் போட்டால் உன் அண்ணி கைதட்டுகிறாள்.

நாள் குறிக்காதே. கை வந்தால் நானே சொல்கிறேன். வராமல் போனால் அதையும் சொல்கிறேன்.

அண்ணன்,
கிருஷ்ணசாமி

(பிரபா, கிளிப்பை நேற்று மாட்டினார். அதற்காகத்தான் கைதட்டினேன். ப.)


திண்டிவனம்,
20.4.2014

அன்பு பிரபாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை ஜல்தியாக எழுத வேண்டும் என்று கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு உன் அண்ணனுக்குக் காப்புக் கட்டினேன். ஆண்களுக்கு வலது கையில்தானே கட்ட வேண்டும். மஞ்சள் காப்புக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் இருக்கக் கூடாது என்று, அந்தக் கையில் இருந்த பட்டையைக் கழற்றி, இடது கையிலேயே மற்றதற்கு மேலே மாட்டிவிட்டேன். கழற்றிவைத்தால் பட்டையில் எரிகிற பச்சை விளக்கு அணைந்துபோகும், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். வைத்தியர் ஒரு கையில் நாடி பிடித்தே உடம்பு முழுவதையும் சொல்லிவிடுகிறார். மெஷினுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

முருகன் கண் திறந்துவிட்டான். அந்த வாரமே அலெக்ஸ் தம்பி போன் செய்தது. "ரைட் ஹேண்டு சூப்பரா வேலை செய்யுதுங்க, லெஃப்டுக்குச் சமமா வந்துடுச்சு" என்றது. அடுத்த வாரமும் அதே. எனக்குக் கண்ணால் பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை, அதைச் சொன்னேன். உன் அண்ணன், "நரம்புக்குள்ள நடக்கறது உன் கண்ணுக்குத் தெரியுமா" என்றார். அதுவும் சரிதான். உத்திரம் முடிந்து காப்பை அவிழ்த்தாயிற்று. பட்டையைப் பழையபடி மாற்றப் போனால், இருக்கட்டும் விடு என்கிறார். ராசியான கை என்று நானும் விட்டுவிட்டேன்.

தேறிவிட்டார் என்பதால் பயிற்சியையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நீ இனிமேல் நாள் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
பவானி அண்ணி


விழுப்புரம்,
28.4.2014

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் உங்கள் மெஷினுக்கும் ஆயிரம் வணக்கம். இங்கே எல்லோரும் இருக்கிற சுகத்தைவிட ஒரு பங்கு அதிகமாக இருக்கிறோம்.

அண்ணி கடிதம் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு படித்து, அழுது, மறுபடியும் படித்தேன். அழுதது வெளியே தெரியாமல் இருக்க வெங்காயம் நறுக்கினேன். உன் மருமகள் அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அவர் அன்றைக்கே ஜோசியரிடம் போய்விட்டார். ஆவணியில் கடைசி முகூர்த்தம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டில் ஒன்றே ஒன்று கேட்டார்கள், பெண்ணின் மாமா உடம்பு தேறிவிட்டாரா என்று. "மெஷினே சொல்லிடுச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

இனிமேலாவது நான் வரலாமா? நீ கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறேன். உடனே பதில் போடு.

தங்கை,
பிரபா


திண்டிவனம்,
10.6.2014

அன்பு பிரபாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் வராததற்குக் காரணம் உன் அண்ணன். நான்தான் எழுதுவேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார், எழுதவில்லை. நீ நாள் குறித்த சேதி வந்ததிலிருந்து தினமும் காலையில் பி.பி. ஏறிக்கொண்டே போனது. சந்தோஷத்தில் ஏறுகிறது என்றார். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோவாரா?

போன வாரம் அலெக்ஸ் தம்பி போன் செய்தது. மாத்திரையை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அண்ணன் நாள் பூரா கைய தட்டிக்கினே இருக்காரா" என்று கேட்டது. எதற்குக் கைதட்டுகிறார் என்றேன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைகிறதாம். தலை சீவும்போதும் சாப்பிடும்போதும் தூக்கத்தில் புரளும்போதும் அப்படியேதானாம். கைதட்டினால் ஒழிய யாருக்கும் இப்படி வராதாம். இரண்டு பட்டையும் இடது கையில் இருக்கிறது என்றேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை விளக்கிச் சொன்னது, அது நாடி பார்க்கிற மெஷின் இல்லை, மாட்டியிருக்கிற கை அசைவதை மட்டும்தான் சொல்லுமாம். திட்டவில்லை. தானும் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டது.

பிரபா, அத்தனை நாளும் பயிற்சி போதாமல் கை இறுகிவிட்டது. விரல்கள் உள்ளே மடங்கி நிற்கின்றன. கிளிப்பைக்கூட இப்போது மாட்ட முடியவில்லை. என் முட்டாள்தனம்தான் முதல் காரணம். ஆனால் காப்பு அவிழ்த்த பிறகும் இருக்கட்டும் விடு என்று அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் பேச மாட்டேன் என்கிறார். கடைக்கும் வருவதில்லை. ஒரே பேஜாராக இருக்கிறது.

மண்டபத்துக்குச் சொல்லிவிட்ட பிறகு இதை எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

பவானி


திண்டிவனம்,
15.6.2014

பிரபாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை இடது கையால் எழுதுகிறேன். உன் அண்ணி கடையில் இருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அலெக்ஸ் முதல் தடவை போன் செய்தபோது நானும் நம்பினேன். அன்றைக்கு முழுதும் என் கையை நானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முகம் கழுவும்போது இரண்டு பட்டையும் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். விளங்கிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஐயோ பாவம் என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு, சூப்பர் என்று ஒருத்தன் சொன்னான். இன்னும் ஒரு வாரம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. நீ அரிசி களைந்த கையோடு அழுதாய் என்று படித்த பிறகு எப்படிச் சொல்வது? கை தானாகவே வந்துவிடாதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

வரவில்லை. கல்யாண நாளை மாற்றாதே. பச்சைமுத்து தமிழ்மொழிக்கு மாமன் முறைதான். அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து அட்சதை போடுகிறேன். இடது கையால் போட மாட்டேன், உன் அண்ணியிடம் கொடுத்துப் போடச் சொல்வேன்.

கிருஷ்ணசாமி


விழுப்புரம்,
21.6.2014

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மெஷினை என் கையில் மாட்டியிருந்தால் ஆஸ்பத்திரியே ஓடி வந்திருக்கும். பொய் சொன்னாய் என்பதற்காகக் கோபம் இல்லை. என்னிடம் சொல்லாமல் இரண்டு மாதம் தனியாகக் கிடந்து புழுங்கினாயே, அதற்குத்தான். நான் அழுவேன் என்று பயந்தாயா? நான் அழுதால் என்ன, வெங்காயம் இருக்கிறது.

பச்சைமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணன் உக்காந்துக்கினு இருக்கறப்ப நான் போயி கைய புடிக்கறதா? என்ன ஊர்ல நடமாட வேணாம்னு நெனைக்கிறியா அக்கா" என்று எழுந்து போய்விட்டான். சாப்பிடக்கூட இல்லை. அவன் சாப்பிடாமல் போனான் என்றால் எவ்வளவு வருத்தம் என்று பார்த்துக்கொள்.

பிறகு உன் கடிதத்தைத் தமிழ்மொழியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவி முடித்துவிட்டு வந்து சொன்னாள்: "மாமா என் கைய புடிக்க முடியலன்னா நான் அவரு கைய புடிச்சிக்கறேன். யாரு யார புடிச்சிருக்காங்கன்னு மேளக்காரனா வந்து பாக்கப் போறான்?"

ஆகவே நாளும் மாறாது, மாமனும் மாற மாட்டார். பட்டையை எந்தக் கையில் மாட்ட வேண்டுமோ அந்தக் கையில் மாட்டு. சைபர் என்று வந்தால் சைபர் என்றே அனுப்பு. கல்யாணத்துக்குள் விரல் அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் உன் மருமகள் பார்த்துக்கொள்வாள்.

நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

பிரபா


திண்டிவனம்,
20.7.2014

வா.

(பிரபா, மேலே இருக்கிற எழுத்து உன் அண்ணன் வலது கையால் எழுதியது. வலது கையில் பட்டை இருக்கிறது, அலெக்ஸ் தம்பி சரிபார்த்துவிட்டது. காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர், நான் சோறு வடித்து இறக்கியபோதுதான் பேனாவைக் கீழே வைத்தார். தமிழ்மொழியையும் கூட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அலெக்ஸ் தம்பியும் வரும். எல்லோரும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. ப.)


விழுப்புரம்,
14.9.2014

அன்புள்ள அண்ணனுக்கு,

மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடு வந்து போய்விட்டார்கள். வீடு காலியாக இருக்கிறது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். நீ ஊர் போய்ச் சேர்ந்து காலை நீட்டிப் படுத்தாயா? பி.பி. எவ்வளவு?

பார்க்கிறவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, தமிழ்மொழி கையைப் பிடித்து நீ நடந்து வந்தாய். மணவறைக்கு வந்ததும் அவளை உட்கார வைத்துவிட்டுக் கையை விடாமல் அப்படியே நின்றாய். "நல்ல நேரம் போவுதுங்க" என்று ஐயர் சொன்ன பிறகும் விடவில்லை. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன்னா இப்படி இருக்கணும், விட மனசு வருதா பாரு" என்றார். பெண்கள் வரிசையில் அழாதவர்கள் யாரும் இல்லை. நான் மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெங்காயமும் கையில் இல்லை.

உன்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தங்கை,
பிரபா


திண்டிவனம்,
21.9.2014

அன்புள்ள பிரபாவுக்கு,

நாங்கள் சுகம். பி.பி. ஒழுங்காக இருக்கிறது. "அன்புள்ள பிரபாவுக்கு" என்பது மட்டும் வலது கை எழுத்து. மீதியை நான் சொல்ல அண்ணி எழுதுகிறாள். அவளும் இதை இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறாள்.

நீ நினைத்தது போல இல்லை. அங்கே அழுதவர்கள் யார் நினைத்தது போலவும் இல்லை. பாசத்தில் நான் கையை விடாமல் நிற்கவில்லை. கை திறக்கவில்லை.

இந்த நோயில் பிடிக்கிற சக்தி முதலில் வருமாம், விரலை விரிக்கிற சக்தி பின்னால்தான் வருமாம். ஆடி மாதம் நீங்கள் வந்தபோது அலெக்ஸ் அதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நீ அண்ணியோடு அடுப்படியில் இருந்தாய். மண்டபத்தில் மேளம் கொட்டியதும் தமிழ்மொழி என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தாள், சொன்னபடியே. ஆனால் இரண்டு எட்டு வைப்பதற்குள் என் விரல்கள் மடங்கி அவளைப் பிடித்துக்கொண்டன. நான் பிடித்தேன், பிரபா. எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் மணவறை வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து நின்ற பிறகு விட முடியவில்லை. எவ்வளவு முயன்றேனோ அவ்வளவு இறுகியது. ஐயர் அவசரப்படுத்த, எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. மாப்பிள்ளை குனிந்து என் கையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், மெக்கானிக் அல்லவா. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்போது தமிழ்மொழி தலை நிமிராமல், உதடு அசையாமல் சொன்னாள்: "மாமா, நீங்க சிரிச்சிக்கினே நில்லுங்க, நான் பாத்துக்கறேன்." மாலைக்குள் மறைத்து, தன் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே வளைத்தாள். அப்படி வளைத்தால் இறுகிய விரல் திறக்கும் என்று அலெக்ஸ் அன்றைக்கு எனக்குக் காட்டியதை இந்தப் பெண் பக்கத்தில் நின்று பார்த்து வைத்திருக்கிறாள். விரல்கள் தானாக விரிந்தன. அதைத்தான் நீங்கள் எல்லோரும் மாமன் மனசில்லாமல் விட்டார் என்று பார்த்தீர்கள்.

அவள் கையை இழுத்துக்கொண்டபோது பார்த்தேன். மருதாணிக்குப் பக்கத்தில் என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கை பதித்த தடம் அது. கல்யாணப் பெண்ணின் கையை நோகவைத்துவிட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நீ என்னைத் திட்டுவாய். திட்டு. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அலெக்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரலை விரிக்கிற பயிற்சியை நேற்றிலிருந்து தொடங்கியிருக்கிறான். கஷ்டமாக இருக்கிறது, செய்கிறேன்.

தமிழ்மொழி விக்கிரவாண்டியிலிருந்து பேசினால், கை இன்னும் வலிக்கிறதா என்று கேட்டு எழுது.

உன் அண்ணன்,
கிருஷ்ணசாமி